மேஜரா, இல்லையா? வெஸ்டர்ன் ஓப்பனின் தீராத வழக்கு

ஆண்கள் கோல்ஃபில் அதிக மேஜர் பட்டங்கள் வென்றவர்களின் வரிசையை யார் எழுதினாலும் முதல் மூன்று பெயர்கள் ஒன்றுதான்: ஜாக் நிக்லஸ் 18, டைகர் வுட்ஸ் 15, வால்டர் ஹேகன் 11. இதில் மூன்றாவது எண் சரிதானா என்பது நெடுநாளாக நடந்துவரும் வழக்கு. 1916, 1921, 1926, 1927, 1932 ஆகிய ஐந்து ஆண்டுகளில் ஹேகன் வெஸ்டர்ன் ஓப்பனை வென்றார். அவர் ஆடிய காலத்தில் அமெரிக்க மண்ணில் அமெரிக்க ஓப்பனுக்கு அடுத்த பெரிய போட்டி அதுதான் என்று கோல்ஃப் வரலாறு எழுதுவோர் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் மேஜர் கணக்கில் அந்த ஐந்தும் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் ஹேகன் 16 என்று ஆகி, வுட்ஸைத் தாண்டி இரண்டாம் இடத்துக்குப் போய்விடுவார்.

இன்றைய மேஜர்கள் நான்கு: மாஸ்டர்ஸ், பிஜிஏ சாம்பியன்ஷிப், அமெரிக்க ஓப்பன், பிரிட்டனில் நடக்கும் ஓப்பன். இவற்றில் எதுவும் எந்தச் சட்டத்தாலும் மேஜர் ஆகவில்லை. ஆட்டக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் பார்வையாளர்களும் காலப்போக்கில் அப்படி நினைக்கத் தொடங்கினார்கள், அவ்வளவே. ஒரு வட்டாரச் சங்கம் நடத்திய போட்டி எப்படி அந்த உயரத்துக்குப் போனது, எப்படி இறங்கியது என்று பார்த்தால்தான் இந்த வழக்கில் ஒரு முடிவுக்கு வர முடியும்.

அமெரிக்க கோல்ஃப் சங்கத்தை 1894-இல் ஐந்து கிளப்கள் சேர்ந்து தொடங்கின. நான்கு கிழக்குக் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்தவை. ஐந்தாவது சிகாகோ கோல்ஃப் கிளப். நாட்டிலேயே முதன்முதலாக 18 குழிகள் கொண்ட மைதானம் அமைத்த கிளப் அது. ஆனாலும் சங்கத்தின் தலைமையும் போக்கும் நியூயார்க், பாஸ்டன் பக்கத்துப் பணக்காரர்களின் கையில்தான் இருந்தன. சிகாகோ வட்டாரத்துக் கிளப்கள் 1899-இல் ஒன்றுகூடித் தங்களுக்கென மேற்கத்திய கோல்ஃப் சங்கத்தை அமைத்துக்கொண்டன. அதே ஆண்டு க்ளென் வியூ கிளப்பில் முதல் வெஸ்டர்ன் ஓப்பனும் நடந்தது. லாரி ஆக்டர்லோனியோடு சமனில் முடித்த வில்லி ஸ்மித், பிளே-ஆஃபில் அவரைத் தோற்கடித்துப் பட்டத்தை வென்றார். அந்த ஆண்டின் அமெரிக்க ஓப்பன் சாம்பியனும் இதே வில்லி ஸ்மித்தான். அதை அவர் 11 அடி (பந்தை அடித்த எண்ணிக்கை) வித்தியாசத்தில் வென்றார். 2000-இல் வுட்ஸ் 15 அடி வித்தியாசத்தில் வெல்லும்வரை அந்தச் சாதனை நின்றது. ஆக, நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரரைத் தன் முதல் ஆண்டிலேயே சாம்பியனாகப் பெற்ற போட்டி இது.

1900-இல் போட்டி நடக்கவில்லை. 1901-இல் மீண்டும் தொடங்கியபின் அது வளர்ந்த வேகம் வியப்பூட்டுவது. ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக்கிலிருந்து வந்த வில்லி ஆண்டர்சன் 1902, 1904, 1908, 1909 என நான்கு முறை வென்றார். அமெரிக்க ஓப்பனையும் நான்கு முறை வென்றவர் இவர். அதில் 1903, 1904, 1905 தொடர் வெற்றிகளை இன்றுவரை எவரும் எட்டவில்லை. 1902-இல் கிளீவ்லாந்து நகரின் யூக்ளிட் கிளப்பில் அவர் 72 குழிகளை 299 அடிகளில் முடித்தார். அமெரிக்கப் போட்டிகளில் 300-க்குக் கீழே முதன்முதலாக இறங்கிய எண்ணிக்கை அது. ரப்பர் நூல் சுற்றிய ஹாஸ்கெல் பந்து பழைய கட்டாபெர்ச்சா பந்தை விரட்டிக்கொண்டிருந்த காலம். அந்த மாற்றத்தின் முதல் பெரிய எண் ஒன்று வெஸ்டர்ன் ஓப்பனில்தான் பதிவானது. ஆண்டர்சன் 1910-இல், 31 வயதில், இறந்துபோனார். இன்று கோல்ஃப் பார்ப்பவர்களில் அவர் பெயர் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

வட்டாரச் சங்கம் என்பதால் மேற்கத்தியச் சங்கம் பணிந்து நடந்துகொண்டது என்று நினைக்க வேண்டாம். ஃபிரான்சிஸ் விமெட் விவகாரம் ஒன்றே போதும். 1913-இல் இருபது வயது அமெச்சூராக அமெரிக்க ஓப்பனை வென்று நாட்டையே கோல்ஃப் பக்கம் திருப்பியவர் விமெட். அவர் விளையாட்டுப் பொருள் கடை ஒன்றில் பங்கெடுத்ததும், அது அமெச்சூர் தகுதிக்குப் பொருந்தாது என்று 1916-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அவரை விலக்கியது. மேற்கத்தியச் சங்கம் அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்தது. 1917-இல் தன் அமெச்சூர் போட்டியில் அவரை ஆடவிட்டது. அவர் அதை வென்றும் காட்டினார். தேசியச் சங்கம் ஒருவரை வெளியே நிறுத்த, வட்டாரச் சங்கம் கதவைத் திறந்துவைத்தது. வெஸ்டர்ன் ஓப்பன் என்ற பெயருக்கு அந்தக் காலத்தில் இருந்த கனத்தில் இந்தத் துணிச்சலுக்கும் பங்கு உண்டு.

அப்போது மற்ற போட்டிகளின் நிலை என்ன? பிஜிஏ சாம்பியன்ஷிப் 1916-இல்தான் பிறந்தது. மாஸ்டர்ஸ் 1934-இல், கோல்ஃப் நட்சத்திரம் பாபி ஜோன்ஸ் தன் நண்பர்களையும் தெரிந்தவர்களையும் அழைத்து நடத்திய போட்டியாகத் தொடங்கியது. பிரிட்டன் ஓப்பனுக்குப் போக ஒரு அமெரிக்கர் கப்பலேற வேண்டும். வாரக்கணக்கில் வேலையை விட வேண்டும். செலவு பரிசைவிட அதிகம். கிளப்பில் மட்டை விற்று, பாடம் சொல்லிப் பிழைத்த தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலருக்கு அது நினைத்துப் பார்க்கவும் முடியாத காரியம். ஆக, அமெரிக்க மண்ணில் நாட்டின் சிறந்தவர்கள் எல்லோரும் கூடும் திறந்த போட்டிகளாக அமெரிக்க ஓப்பனும் வெஸ்டர்ன் ஓப்பனும் இருந்தன. தெற்கே பைன்ஹர்ஸ்டில் நடந்த நார்த் அண்ட் சவுத் ஓப்பனையும் சேர்த்துக்கொள்ளலாம். 1939-இல் பைரன் நெல்சன் இந்த மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றார்.

ஒரு போட்டியின் தரத்தை அளக்க, அதை வென்றவர்களைப் பார்ப்பதைவிட நம்பத்தக்க வழி எனக்குத் தெரியவில்லை. ஜிம் பார்ன்ஸ் 1914, 1917, 1919. ஜாக் ஹட்சிசன் 1920, 1923. டாமி ஆர்மர் 1929. ஜீன் சராஜன் 1930. ரால்ஃப் குல்டால் 1936, 1937, 1938 என்று தொடர்ந்து மூன்று. இந்த ஐவருமே இன்றைய கணக்குப்படியும் மேஜர் வென்றவர்கள்.

அவர்களில் சேராத ஒருவர் மக்டொனால்ட் ஸ்மித். அவர் கதை இந்த வழக்கின் உள்ளே போய்த் தொடுவதால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கார்னூஸ்டியிலிருந்து அமெரிக்கா வந்த ஸ்மித் சகோதரர்களில் இளையவர். மூத்தவர்களில் வில்லி, மேலே சொன்ன முதல் சாம்பியன். அலெக்ஸ், அமெரிக்க ஓப்பனை 1906-லும் 1910-லும் வென்றவர். வெஸ்டர்ன் ஓப்பனில் இந்த மூன்று சகோதரர்களும் சேர்ந்து ஆறு பட்டங்கள் பெற்றார்கள்: வில்லி ஒன்று, அலெக்ஸ் இரண்டு, மக்டொனால்ட் மூன்று. மக்டொனால்டின் ஆட்ட அசைவு அவ்வளவு அழகு என்று அவரோடு ஆடியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறார்கள். 1910 அமெரிக்க ஓப்பனில் சமனில் முடித்து, பிளே-ஆஃபில் தன் அண்ணன் அலெக்ஸிடமே தோற்றார். 1925-இல் பிரெஸ்ட்விக்கில் பிரிட்டன் ஓப்பனின் கடைசிச் சுற்றை ஐந்து அடி முன்னிலையோடு தொடங்கினார். தங்கள் ஊர்க்காரன் வெல்வதைக் காண முண்டியடித்த கூட்டம் அவரை நெருக்கித் தள்ள, அந்தச் சுற்றில் 82 அடித்துக் கோப்பையை விட்டார். 1930-இல் பாபி ஜோன்ஸ் அன்றைய நான்கு பெரும் பட்டங்களையும் வாரிச் சுருட்டிய அந்த ஆண்டில், பிரிட்டன் ஓப்பன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் அவருக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில் நின்றவர் மக்டொனால்ட்தான். பிரெஸ்ட்விக்கில் நொறுங்கிய அதே 1925-இல் அவர் வெஸ்டர்ன் ஓப்பனை வென்றார். முதல் வெற்றி 1912-இல், கடைசி வெற்றி 1933-இல். இடையில் 21 ஆண்டுகள். ஆனாலும் கோல்ஃப் நூல்கள் அவரை அறிமுகப்படுத்துவது “மேஜர் வெல்லாத மிகச் சிறந்த ஆட்டக்காரர்” என்றுதான்.

இறக்கம் எப்போது தொடங்கியது? பலர் 1960-ஐச் சொல்வார்கள். அந்த ஆண்டு மாஸ்டர்ஸையும் அமெரிக்க ஓப்பனையும் வென்றுவிட்டு பிரிட்டன் ஓப்பனுக்குப் பறந்த ஆர்னால்ட் பால்மர், பத்திரிகையாளர் பாப் டிரம்மோடு பேசிக்கொண்டிருந்தபோது, தொழில்முறை ஆட்டத்துக்கான புதிய நான்கு பட்டங்கள் என்ற எண்ணம் உருப்பெற்றது. ஜோன்ஸின் பழைய நான்கில் இரண்டு அமெச்சூர் பட்டங்கள் இருந்தன. அவற்றின் இடத்தில் மாஸ்டர்ஸும் பிஜிஏவும் வந்தன. தொலைக்காட்சி அந்தப் பட்டியலை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. பால்மரே 1961-லும் 1963-லும் வெஸ்டர்ன் ஓப்பனை வென்றவர் என்றாலும், அவர் வாயால் வந்த பட்டியலில் அதற்கு இடமில்லை.

என் பார்வையில் இறக்கம் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. 1940-இல் போட்டி ஹூஸ்டனுக்குப் போனது. 1941, 1942-இல் பீனிக்ஸுக்கு. குளிர்காலத்தில் வெயில் ஊர்களில் வரிசையாக நடக்கும் போட்டிகளோடு அதுவும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது. தன் மண்ணான மத்திய மேற்குப் பகுதியைவிட்டு, நேரமும் இடமும் கிடைத்த ஊருக்குப் போகத் தொடங்கியபோதே அதன் தனித்தன்மை கரையத் தொடங்கியது. போர்க்காலத்தில் 1943 முதல் 1945 வரை போட்டியே நடக்கவில்லை. போருக்குப் பின் பென் ஹோகன் 1946, 1948-லும், சாம் ஸ்நீட் 1949, 1950-லும் வென்றதால் பெயர் பளபளத்தது. ஆனால் சால்ட் லேக் சிட்டி, பஃபலோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ என்று ஊர் ஊராக அலைந்த போட்டிக்கு ஒரு முகம் அமையவில்லை. மாஸ்டர்ஸோ ஆண்டுதோறும் அதே அகஸ்டாவில், அதே வசந்தத்தில் நடந்தது. போதாக்குறைக்கு, சிகாகோவின் டாம் ஓ’ஷான்டர் கிளப்பில் ஜார்ஜ் எஸ். மே என்ற வணிகர் பெரும் பரிசுத் தொகையோடு போட்டிகள் நடத்தினார். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட முதல் கோல்ஃப் போட்டியும், 1953-இல், அவருடையதுதான். வெஸ்டர்ன் ஓப்பனின் சொந்த ஊரிலேயே அதன் வெளிச்சத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். 1962-இல் போட்டி சிகாகோ வட்டாரத்துக்குத் திரும்பி அங்கேயே நிலைத்தபோது, மேஜர் பட்டியல் மக்கள் மனதில் இறுகிவிட்டிருந்தது.

புகழ் இறங்கிய காலத்திலும் இந்தப் போட்டி ஒரு வேலையை விடாமல் செய்துகொண்டிருந்தது. அதற்குக் காரணமானவர் சிக் எவன்ஸ். பணக்கார ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு மைதானம் முழுக்க நடக்கும் பையனாக, சிகாகோவின் எட்ஜ்வாட்டர் கிளப்பில் கோல்ஃப் கற்றவர் அவர். 1910-இல் பெவர்லி கிளப்பில் வெஸ்டர்ன் ஓப்பன் நேருக்கு நேர் மோதும் முறையில் நடந்தபோது, தொழில்முறை ஆட்டக்காரர்களை எல்லாம் ஓரங்கட்டி, இருபது வயது அமெச்சூராகப் பட்டம் வென்றார். 1916-இல் அமெரிக்க ஓப்பனையும் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் மனிதரும் அவரே. அதன்பின் கோல்ஃப் பாடங்களை இசைத்தட்டில் பதிந்து தரச்சொல்லி வாய்ப்பு வந்தது. அந்தப் பணத்தைத் தொட்டால் அமெச்சூர் தகுதி போய்விடும். எவன்ஸ் தொடவில்லை. பை சுமக்கும் பையன்களின் கல்லூரிப் படிப்புக்கு அதைச் செலவிடலாம் என்று வழி சொன்னவர் அவருடைய தாய். எவன்ஸே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பண முடையால் பாதியில் நின்றவர்.

மேற்கத்தியச் சங்கம் அந்த நிதியைக் கையில் எடுத்தது. 1930-இல், பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிய நேரத்தில், எவன்ஸ் பெயரிலான உதவித்தொகையில் முதல் இருவர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள். கல்விக் கட்டணமும் தங்குமிடமும் முழுவதுமாகக் கிடைக்கும். தேர்வுக்குப் பார்ப்பது நான்கு: மதிப்பெண், நல்லொழுக்கம், குடும்பத்தின் பணத் தேவை, மைதானத்தில் பை சுமந்து உழைத்த பதிவு. இன்றுவரை இதில் பட்டம் பெற்றவர்கள் 12,000-க்கும் அதிகம். பெண்களும் அதில் உண்டு. போட்டியின் வருமானம் இன்றும் இந்த நிதிக்குத்தான் போகிறது. 1980-இல் வந்த ‘கேடிஷாக்’ என்ற நகைச்சுவைப் படத்தில் கிளப் உதவித்தொகைக்காக ஏங்கும் பையனின் கதைக்கும் இதில் வேர் உண்டு. சிகாகோ புறநகரில் பை சுமந்து வளர்ந்தவர்கள் நடிகர் பில் மர்ரேயும் அவருடைய சகோதரர்களும். அவர்களில் எட் மர்ரே எவன்ஸ் உதவித்தொகையில் படித்தவர். படத்தின் திரைக்கதையில் பங்கெடுத்தவர் இன்னொரு சகோதரரான பிரையன் டாயில்-மர்ரே. நான்கு மேஜர்களில் எதற்கும், பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்போடு இவ்வளவு நீண்ட, இவ்வளவு நேரடியான உறவு இருப்பதாக நான் படித்ததில்லை. எவன்ஸ் 1979-இல் காலமானார்.

சிகாகோவில் போட்டி நிலைத்த பிறகான காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1967, 1968-இல் நிக்லஸ் வென்றார். 1974 முதல் 1990 வரை ஓக் புரூக்கில் உள்ள பட்லர் நேஷனல் கிளப் அதன் இருப்பிடம். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் டாம் வாட்சன் தன் முதல் பட்டத்தை 1974-இல் அங்கேதான் பெற்றார். 1975-இல் இடி மழையின்போது லீ ட்ரெவினோ, ஜெர்ரி ஹேர்ட், பாபி நிக்கல்ஸ் மூவரையும் மின்னல் தாக்கியது. ட்ரெவினோவின் முதுகு வலி அதன்பின் நெடுங்காலம் தீரவில்லை. 1985-இல் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஸ்காட் வெர்ப்ளாங்க், பிளே-ஆஃபில் ஜிம் தோர்ப்பை வென்றார். எவன்ஸுக்கு 75 ஆண்டுகள் கழித்து இந்தப் பட்டத்தை வென்ற அமெச்சூர் அவர். அமெச்சூர் பணம் பெற முடியாது என்பதால் முதல் பரிசுப் பணம் தோர்ப்புக்குப் போனது. 1987-இல் வெள்ளம் பட்லர் மைதானத்தின் ஒரு பகுதியை விழுங்கியதால், பக்கத்து ஊராட்சி மைதானத்தின் குழிகளையும் சேர்த்து 18 ஆக்கி ஆடினார்கள்.

1990-இல் நடந்தது வெறும் இடமாற்றம் அல்ல. அந்த ஆண்டு பிஜிஏ சாம்பியன்ஷிப் நடக்கவிருந்த அலபாமாவின் ஷோல் க்ரீக் கிளப், கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்பது வெளியே வந்து பெரும் கொந்தளிப்பு எழுந்தது. உறுப்பினர் சேர்க்கையில் பாகுபாடு காட்டும் கிளப்களில் போட்டி நடத்துவதில்லை என்று பிஜிஏ டூர் விதி வகுத்தது. பட்லர் நேஷனல் ஆண்கள் மட்டும் சேரும் கிளப். அது தன் விதியை மாற்றவில்லை, போட்டி வெளியேறியது. 1991-இல் அது போய்ச் சேர்ந்த இடம் லெமான்ட் ஊரிலுள்ள காக் ஹில். கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் ஆடக்கூடிய பொது மைதானம் அது. அதை வாங்கி வளர்த்த ஜோ ஜெம்செக், சிறுவயதில் அங்கேயே பை சுமந்தவர். எவன்ஸ் நிதியைத் தாங்கும் ஒரு போட்டிக்கு அதைவிடப் பொருத்தமான வீடு கிடைத்திருக்காது. 1997, 1999, 2003-இல் வுட்ஸ் அங்கே வென்றார். 1997-இன் கடைசிக் குழியில் கூட்டம் கயிற்றைத் தாண்டி அவர் பின்னால் பாய்ந்தோடிய காட்சி அந்தக் கால கோல்ஃபின் அடையாளங்களில் ஒன்று.

2006-இல் தென்னாப்பிரிக்காவின் ட்ரெவர் இம்மல்மன் வென்றது, அந்தப் பெயரில் நடந்த கடைசிப் போட்டி. 2007-இல் பிஜிஏ டூர் தன் ஆண்டிறுதித் தொடரை உருவாக்கியபோது வெஸ்டர்ன் ஓப்பன், பிஎம்டபிள்யூ சாம்பியன்ஷிப் என்று மாறியது. பதிவேடுகளில் இரண்டும் ஒரே தொடர்ச்சி. ஆனால் தரவரிசையில் முதல் 70 பேர் மட்டும், பின்னர் முதல் 50 பேர் மட்டும் என்றானபின் அது திறந்த போட்டியாக இல்லை. செயின்ட் லூயிஸ், டென்வர், இண்டியானாபொலிஸ் பக்கம் சுற்றியது. அதுவாவது பழைய மேற்கு. 2018-இல் ஃபிலடெல்ஃபியா அருகே, 2021-லும் 2025-லும் மேரிலாந்தில், 2022-இல் டெலவேரில் நடந்தது. கிழக்கின் பிடியிலிருந்து விலகி நிற்கப் பிறந்த போட்டி கிழக்குக் கடற்கரைக்கே போய் ஆடுவதை என்னால் மகிழ்ச்சியோடு பார்க்க முடியவில்லை. வருமானம் பெருகி எவன்ஸ் நிதி வலுப்பெறுகிறது என்பது மட்டுமே ஆறுதல்.

இனி வழக்குக்கு வருவோம். சேர்க்கக் கூடாது என்போரின் வாதம் எளிது: எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும், வெஸ்டர்ன் ஓப்பனைச் சேர்த்தால் நார்த் அண்ட் சவுத்தையும் ஏன் சேர்க்கக் கூடாது என்று கேள்வி வரும். மேலும் வெஸ்டர்ன் ஓப்பன் முழுவதையும் மேஜர் என்று சொன்னால் நிக்லஸுக்கு இரண்டு, வுட்ஸுக்கு மூன்று கூடும். 1967-லும் 2003-லும் அதை மேஜர் என்று நினைத்து ஆடியவர் எவரும் இல்லை. இந்த இரண்டாவது வாதம் வலுவானது. ஆனால் அது பிற்காலத்தைப் பற்றியது. அதைக்கொண்டு ஹேகனின் காலத்தை அளப்பது முறையல்ல.

பெண்கள் கோல்ஃபில் இதே கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தனிச் சங்கம் ஒன்று நடத்திய பெண்கள் வெஸ்டர்ன் ஓப்பன் 1930 முதல் 1967 வரை நடந்தது. அந்த எல்லா ஆண்டுகளையும் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கமான எல்பிஜிஏ மேஜர் என்றே கணக்கில் வைத்திருக்கிறது. 1950-இல் எல்பிஜிஏ பிறப்பதற்கு முந்திய ஆண்டுகளும் அதில் அடக்கம். பேட்டி பெர்க்கின் 15 மேஜர்களில் ஏழு அங்கே வென்றவை. பேப் ஜஹாரியாஸுக்கும் லூயிஸ் சக்ஸுக்கும் தலா நான்கு. பெண்களுக்குப் பதிவேடு வைக்க ஓர் அமைப்பு இருந்தது, அது தீர்மானித்தது. ஆண்களின் நான்கு மேஜர்களையும் நான்கு தனித்தனி அமைப்புகள் நடத்துகின்றன. பழைய கணக்கைத் திருத்தும் பொறுப்பு அவற்றில் எதற்கும் இல்லை. இது ஒரு நிர்வாகக் குறைபாடு. இதையே தகுதிக் குறைவு போல எல்லோரும் திரும்பத் திரும்ப எழுதிவருகிறோம்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 1899 முதல் 1939 வரையிலான வெஸ்டர்ன் ஓப்பன் பட்டங்கள் மேஜர்களாகவே எண்ணப்பட வேண்டும். 1940-இல் அது மாஸ்டர்ஸுக்கு வழிவிட்டது. நார்த் அண்ட் சவுத்துக்கும் தனியாக ஒரு விசாரணை நடக்கட்டும்; இதை மறுக்க அது காரணமாகாது. இப்படி எண்ணினால் ஹேகன் 16; நான்கு அமெரிக்க ஓப்பன்களோடு ஆண்டர்சன் எட்டு; பார்ன்ஸ் ஏழு; குல்டால் ஆறு. வில்லி, அலெக்ஸ் இருவரின் கணக்கும் கூடும். மூன்று மேஜர்கள் வென்றவராக மக்டொனால்ட் ஸ்மித்தை அறிமுகப்படுத்த நூல்கள் வேறு வாக்கியம் எழுத வேண்டியிருக்கும்.